இரண்டு வேரில் பிறந்த சர்பத்

நன்னாரி வேர் பழசு. நன்னாரி சர்பத் புதுசு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், ஓசூர் பேருந்து நிலையத்தில் வெயிலுக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் குடிப்பவர்கூட ஏதோ சங்ககாலப் பானத்தைக் குடிப்பதாக நினைத்துக்கொள்கிறார். சித்த மருத்துவத்தில் நன்னாரிக்குத் தலைமுறை தலைமுறையாக இடம் உண்டு. உடல் சூடு, நீர்க்கடுப்பு, பித்தம், தோல் நோய் என்று எத்தனையோ தொல்லைகளுக்கு அதைக் குடிநீராகவும் சூரணமாகவும் மணப்பாகாகவும் கொடுத்து வந்திருக்கிறார்கள். சர்பத்தின் நேரடி மூதாதை இந்த மணப்பாகுதான். மூலிகையின் சாற்றில் கற்கண்டோ சர்க்கரையோ சேர்த்து, தேன் பதத்துக்குக் காய்ச்சி எடுப்பது. ஆனால் மணப்பாகை மருந்தாகக் கரண்டிக் கணக்கில்தான் சாப்பிட்டார்கள். தாகத்துக்கு யாரும் கிளாஸ் கிளாஸாகக் குடிக்கவில்லை.

மருந்துக் கரண்டி சர்பத் கிளாஸாக மாற, வேரைத் தவிர வேறு சில சாமான்கள் தேவைப்பட்டன. மலிவான வெள்ளைச் சர்க்கரை வேண்டும். ஐஸ் வேண்டும். இந்த இரண்டும் தமிழ்நாட்டில் கால் ஊன்றியதற்கு ஒரே ஆண்டைச் சொல்லலாம்: 1842. அந்த ஆண்டில்தான் நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை வந்தது. அதே ஆண்டில்தான் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழும்பியது. இன்று நாம் விவேகானந்தர் இல்லம் என்று சொல்லும் கட்டடம் அது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றி அனுப்பினார் ஃபிரடெரிக் டியூடர். 1833-இல் கல்கத்தாவுக்கு வந்த அந்தச் சரக்கு பிறகு சென்னைக்கும் வந்தது. அதைத் தொட்டுப் பார்க்கக்கூட அன்று வெள்ளைக்காரத் துரைகளுக்கும் பெரும் பணக்காரர்களுக்கும்தான் கொடுத்துவைத்திருந்தது. 1870-களில் இந்திய நகரங்களிலேயே இயந்திரத்தால் ஐஸ் செய்யத் தொடங்கிய பிறகு கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்தது, ஐஸ் மெல்ல மெல்லத் தெருவுக்கு இறங்கியது. 1872-இல் இங்கிலாந்தில் ஹிராம் காட் என்பவர் காப்புரிமை பெற்ற கோலி சோடா பாட்டில் இதோடு வந்து சேர்ந்தது. நன்னாரி, எலுமிச்சை, ஐஸ், கோலி சோடா எல்லாம் ஒரு கிளாஸில் கூடியது அதற்குப் பிந்திய கதை. மதுரை ஜிகர்தண்டாவில் பாலுக்கும் பாதாம் பிசினுக்கும் நடுவே நன்னாரிப் பாகு போய் உட்கார்ந்ததும் இந்த வரிசையில் வருவதுதான்.

இதில் வெள்ளைக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு. ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து அமெரிக்கக் கண்டத்துச் சர்சபரில்லா வேருக்குப் பெரிய கிராக்கி. மேக நோய்க்கு அதுவே மருந்து என்று நம்பி, கப்பல் கப்பலாக வரவழைத்தார்கள். இங்கே வந்தவர்கள் நம் ஊர் வைத்தியர் கையில் நன்னாரி வேரைப் பார்த்து, வாசனையையும் உபயோகத்தையும் கேட்டு, இதற்கு இந்தியச் சர்சபரில்லா என்று பேர் வைத்துவிட்டார்கள். தாவரவியல்படி இரண்டும் தூரத்து உறவுகூடக் கிடையாது. 1831-இல் லண்டனில் ஆஷ்பர்னர் என்ற மருத்துவர் இதன் குணத்தை எடுத்துச் சொன்னார். 1864-இல் பிரிட்டனின் அதிகாரபூர்வ மருந்து நூலிலேயே நன்னாரி வேர் ஏறிவிட்டது. அதிலிருந்து சிரப் செய்யும் முறையும் அந்தக் காலத்து மருந்து நூலில் இருந்தது: இடித்த வேரைக் கொதிநீரில் போட்டு, பாத்திரத்தை மூடி, சில மணி நேரம் ஊறவிட்டு, வடித்துத் தெளியவைத்து, சர்க்கரை சேர்த்து இளஞ்சூட்டில் கரைப்பது. நம் வீடுகளில் பாகு காய்ச்சும் பாட்டிகளின் முறைக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

ஐரோப்பியர்களுக்கே அவர்கள் ஊரில் இப்படி ஒரு வீட்டுச் சிரப் இருக்கிறது. எல்டர் என்ற புதர்மரத்தின் கருநீலப் பழங்களைக் காயவைத்து, குளிர்காலத்தில் தேநீராகவும் பாகாகவும் காய்ச்சி, சளிக்கும் இருமலுக்கும் கொடுப்பார்கள். கொரோனா காலத்தில் அந்தச் சிரப் உலகம் முழுக்க விற்றது, நம் ஊர் ஆன்லைன் கடைகளிலும் தலைகாட்டியது. அந்தப் பழத்தைப் பச்சையாகத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். விதையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால் வேகவைத்தே ஆகவேண்டும். நன்னாரிக்கு அந்தப் பயம் இல்லை. எங்கோ விளைந்த உலர்பழத்தை விலை கொடுத்துத் தருவிப்பவர், ஓசூர்ப் பக்கம் அஞ்செட்டி சாலையில் மலிவாகக் கிடைக்கும் வேரை ஒருமுறை முகர்ந்து பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் அந்த வேர் எந்த வேர்? கதையின் முக்கியமான முடிச்சு இங்கேதான் விழுகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் மேலகிரி மலைகள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கை அது. அந்தப் பக்கம் இறங்கினால் காவிரி, கர்நாடகம். வடகிழக்கே போனால் ஆந்திரத்துக் குப்பம், சித்தூர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும் ஊர் ஓசூர். சந்தையில் மூலிகை விற்பவருக்கு ஒரே சரக்குக்கு மூன்று பேர் தெரிந்திருக்கும். நன்னாரியைக் கன்னடத்தில் சொகதே பேரு என்பார்கள், தெலுங்கில் சுகந்தி பாலா. அது மெல்லிய கொடி. வேர் கம்பி மாதிரி ஒல்லியாக, கரும்பழுப்பாக, குறுக்கே வெடிப்பு விழுந்து கிடக்கும். இலையின் நடுவில் வெள்ளைக் கோடு ஓடும். வேலியோரம், கரட்டு நிலம் என்று எங்கும் வரும். ஆனால் ஒரு கிலோ சேர்க்க எத்தனை கொடியைத் தோண்டவேண்டும் என்று தோண்டியவர்களுக்குத்தான் தெரியும்.

இதே மலைத்தொடரின் பாறைச் சரிவுகளில் இன்னொரு கொடி இருக்கிறது. மாகாளிக் கிழங்கு, மாகாணிக் கிழங்கு என்றும் சொல்வார்கள். கன்னடத்தில் மாகளி பேரு, தெலுங்கில் மாரேடு. இதை 1834-இல் ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னாட் என்ற இருவர் தாவரவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். வைட் சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். தமிழ்நாட்டில் இந்தக் கிழங்கை அதிகம் தெரிந்துவைத்திருப்பது ஊறுகாய் போடும் வீடுகள்தான். தோலைச் சீவி, நடுவில் இருக்கும் நரம்பை உருவி எறிந்து, சன்னமாக நறுக்கி, உப்பும் மிளகாயும் கடுகும் சேர்த்து மோரில் ஊறவைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. மூட்டைப்பூச்சி வாசனை என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு, அதற்காகவே உயிரை விடுபவர்களும் உண்டு.

நன்னாரியும் மாகாளியும் ஒரே குடும்பத்துக் கொடிகள். இரண்டின் வேரிலும் மணப்பது ஒரே பொருள். அந்தப் பொருளும் வெனிலாவின் மணமான வெனிலினும் ஒரே அணுக்களால், ஒரே எண்ணிக்கையில் ஆனவை. வளையத்தில் இரண்டு கைகள் ஒட்டியிருக்கும் இடம் மட்டும் வேறு. நன்னாரியை முகர்ந்தால் ஐஸ்கிரீம் ஞாபகம் வருவதற்குக் காரணம் இதுதான். மைசூரில் 1950-இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் மாகாளியை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த வேர் தானியத்தைப் பூச்சியிலிருந்து காக்கும் என்று 1999-இல் கட்டுரை வெளியிட்டார்கள். சாக்கில் கட்டிப்போட்ட மாகாளி வேரைப் புழு அண்டாத ரகசியம் இதில் விளங்கும்.

வியாபாரியின் இடத்தில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் ஒல்லியான வேர், சுரண்டிச் சுரண்டிச் சேர்க்கவேண்டும். இன்னொரு பக்கம் விரல் மொத்தத்தில் சதைப்பற்றான கிழங்கு, ஒரே குழியில் கொத்தாக வரும், அதே வாசனை, தூக்கலாகவே. ராயலசீமையிலும் கர்நாடக எல்லையிலும் நன்னாரி என்ற பேரில் ஓடும் சர்பத்தில் பெரும்பங்கு மாகாளி வேரில் காய்ச்சியதுதான். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் நன்னாரி மணம் என்று பழகியிருப்பதே அந்த மணம்தான். தேன்கனிக்கோட்டையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன்.

"அண்ணா, இது நன்னாரியா, மாகாளியா?"

"எதுக்குங்க? கஷாயத்துக்கா, சர்பத்துக்கா?"

"சர்பத்துக்கு."

"அப்ப இதாங்க போவுது. கஷாயத்துக்குன்னா சொல்லுங்க, சின்ன வேர் உள்ள இருக்கு, எடுத்தாறேன்."

அவர் வைத்திருந்த கணக்கு தெளிவானது. மருந்துக்கு ஒன்று, தாகத்துக்கு ஒன்று. சர்பத் பிறந்த கதையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வீட்டில் செய்பவர்கள் எந்த வேரானாலும் கவனிக்கவேண்டியது ஒன்றே. அந்த மணம் ஆவியோடு பறந்துவிடும். வேரை அடுப்பில் வைத்து மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், பாகு மணக்காது. மண் போகக் கழுவி நிழலில் உலர்த்திய வேரை உரலில் தட்டவேண்டும். மேல்பட்டை பிரிந்து வரும்; உள்ளே இருக்கும் கட்டையில் வாசனை குறைவு, அதை எடுத்துவிடலாம். பட்டையைக் கொதிநீரில் போட்டு மூடி, ராத்திரி முழுக்க ஊறவிட்டால் காலையில் செந்தேன் நிறத்தில் நீர் நிற்கும். அடியில் தங்கிய வண்டல் கலங்காமல் மேலாக இறுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரையைத் தனியாகப் பாகு காய்ச்சி, இறக்கிய பிறகு இந்த நீரைச் சேர்த்தால் மணம் தங்கும். கடைச் சர்பத்தின் அடர்ந்த பழுப்பு நிறம் வேரிலிருந்து வருவதில்லை, பெரும்பாலும் கருக்கிய சர்க்கரையிலிருந்தோ கலர் பொடியிலிருந்தோ வருகிறது. தேநீராக வேண்டுமென்றால் இன்னும் சுலபம்: இடித்த பட்டையில் ஒரு சிட்டிகை, கொதிநீர், மூடி வைத்துப் பத்து நிமிஷம். சர்க்கரையே வேண்டாம், வேருக்கே ஒரு இனிப்பு உண்டு.

ஆனால் இந்தச் சர்பத்துக்கு விலை கொடுப்பது மாகாளிக் கொடி. இலையையோ பழத்தையோ பறித்தால் செடி பிழைத்துக்கொள்ளும். எல்டர் மரம் வருஷா வருஷம் காய்க்கிறது. மாகாளியில் நமக்கு வேண்டியது கிழங்கு. கொத்தோடு தோண்டினால் கொடி அதோடு முடிந்தது. பாறை இடுக்கில் பல வருஷம் ஊறிப் பருத்த கிழங்கு ஒரு கடப்பாரை வேலையில் வெளியே வந்துவிடுகிறது. இந்தக் கொடி தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. ஊறுகாய்க்கும் சர்பத்துக்குமான நம்முடைய கிராக்கி அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

மேலகிரிக் காடுகளுக்குச் சட்டத்தின் காவல் இப்போது கூடியிருக்கிறது. 2014-இல் காவிரி வடக்கு வனஉயிரின சரணாலயம், 2022-இல் காவிரி தெற்கு சரணாலயம் என்று இரண்டு அறிவிப்புகள் வந்தன. யானைகளை மனதில் வைத்து வந்தவை என்றாலும் அதே எல்லைக்குள் மாகாளிக்கும் இடம் கிடைத்தது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி வேர் தோண்டுவது குற்றம். தடை மட்டும் போதாது. தோண்டுகிறவர்கள் மலையடி ஊர்களின் ஏழைகள். வேர் விற்ற காசில் அரிசி வாங்குகிறவர்கள். வாங்குகிற ஓசூரும் பெங்களூரும் வளர்ந்துகொண்டே போகின்றன. சிப்காட் ஆலை வாசல்களில் ஷிஃப்ட் முடிந்து வருபவர்களுக்காக நிற்கும் சர்பத் வண்டிகள் எங்கும் போகப்போவதில்லை, போகவும் கூடாது.

ஆகவே வேர் வயலுக்கு வரவேண்டும். மைசூர் நிலையத்தார் திசு வளர்ப்பில் மாகாளி நாற்று உண்டாக்கும் முறைகளை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். ஓசூர் வட்டாரத்து விவசாயிகள் பசுமைக் குடிலில் ரோஜா வளர்த்து வெளிநாட்டுக்கு விமானம் ஏற்றியவர்கள். புதுப் பயிர் அவர்களுக்குப் பயமில்லை. கிழங்கு பருக்கச் சில வருஷம் பிடிக்கும். அதுவரை தாங்க மாந்தோப்பின் வேலியோரத்திலும் வரப்புக் கல்லிடுக்கிலும் ஊடுபயிராக ஏற்றிவிடலாம். மாந்தோப்புக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமா? வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நன்னாரியே போதும். வேர்த்துண்டை மணல் கலந்த மண்ணில் பதித்தால் துளிர்க்கும். சுவரோரம் ஏறவிட்டு, இரண்டு மூன்று வருஷம் கழித்துத் தொட்டியைச் சாய்த்து, ஓரத்து வேரை மட்டும் அறுத்துக்கொண்டு நடுவேரைத் திரும்ப மண்ணில் வைத்துவிடலாம்.