மருந்துப் பெட்டிக்கு ஒரு பூட்டு

எங்க பக்கம் பூச்சிக்கொல்லிக்கு 'மருந்து'ன்னுதான் பேரு. காய்ச்சலுக்குச் சாப்பிடறதும் மருந்து, பயிருக்கு அடிக்கிறதும் மருந்து. 1960கள்ல பசுமைப் புரட்சியில குட்டை ரக நெல்லும் யூரியாவும் வந்தப்ப இதுவும் ஊருக்குள்ள நுழைஞ்சது. நெல்லுக்குக் குதிர், மாட்டுக்குக் கொட்டகைன்னு இடம் வெச்சிருந்த வீட்டுல, இதுக்குன்னு தனியா ஒரு இடம் யாரும் யோசிக்கல. பரண்மேல ஏறி உட்கார்ந்துடுச்சு.

நகரத்துல பேப்பர் படிக்கிறவங்களுக்கு விவசாயி தற்கொலைன்னா கடன், வறட்சி. அது பொய் இல்ல. ஆனா குடி, குடும்பச் சண்டை, பரீட்சையில தோல்வி, வெளியில சொல்லாத மனச்சோர்வு, இதெல்லாமும் கிராமத்துல உண்டு. முன்னெல்லாம் 'தீராத வயிற்றுவலி'ன்னு ஒரே வரியில செய்தி முடிஞ்சிடும். உயிர் தப்பினாலும் 309ஆவது பிரிவுல போலீஸ் கேஸ் வரும்னு பயம், பொண்ணு மாப்பிள்ளை அமையாதுன்னு பயம். உண்மைக் காரணம் வெளியில வராமலே போயிடும்.

இதுல நாம கவனிக்க வேண்டியது இலங்கையை. அங்க 1995ல லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையில செத்தாங்க. கொடிய விஷமுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொண்ணா தடை செஞ்சாங்க. 2005ல அது 24 ஆச்சு. போர், வேலையில்லாத் திண்டாட்டம் எதுவும் அதுக்குள்ள தீர்ந்துடல. நம்ம ஆளுங்க உடனே கேக்கறது, "விளைச்சல் என்னாச்சு?" நெல் மகசூல் குறையலைங்க, அதையும் ஆய்வு பண்ணிப் பார்த்திருக்காங்க.

காரணம் எளிமையானது. சாகணும்ங்கிற வேகம் பலருக்குச் சில நிமிஷம், சில மணி நேரம்தான் உச்சத்துல இருக்கும். அந்த நேரத்துல விஷம் கைக்கு எட்டலைன்னா, பெரும்பாலானவங்க அதைத் தாண்டி வந்துடறாங்க.

நம்ம கடலூர் மாவட்டத்துலயே இதைச் செஞ்சு பார்த்தாங்க. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986ல சென்னையில ஆரம்பிச்ச சினேகா அமைப்பு, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்கள்ல மருந்து வைக்கப் பொதுக் கட்டடம் கட்டுச்சு. உள்ள பேங்க் லாக்கர் மாதிரி பூட்டுப் பெட்டிகள். 2013ல வந்த ஆய்வறிக்கைப்படி ஜனங்க அதை ஏத்துக்கிட்டாங்க, அந்த ஊர்கள்ல மருந்தால சாவும் குறைஞ்சது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் இத்தனை வருஷத்துல ஊருக்கு ஒண்ணு ஏன் கட்டலைன்னு எனக்குக் கோபம் உண்டு.

சட்டமும் மாறிடுச்சு. 2017 மனநலச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்துல இருந்தவர்னுதான் எடுத்துக்கணும். தண்டனை கிடையாது, சிகிச்சை கொடுக்கறது அரசோட கடமை.

ஊர்ல இருக்கிற அப்பாகிட்ட போன்ல மழையை மட்டும் விசாரிக்காதீங்க. தூக்கம் வருதான்னு கேளுங்க. "நான் இருந்து என்ன ஆகப்போகுது"ன்னு சொன்னாலோ, திடீர்னு சொத்து பத்தெல்லாம் ஒப்படைச்சுப் பேசினாலோ, "சாகணும்னு தோணுதா?"ன்னு நேராவே கேக்கலாம். கேட்டா அந்த எண்ணம் வந்துடும்ங்கிறது தப்பு. தோணுதுன்னு சொன்னா தனியா விடாதீங்க. பக்கத்து வீட்டுல சொல்லி மருந்தை அப்புறப்படுத்தச் சொல்லுங்க. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில மனநல டாக்டர் இருக்காங்க. ராத்திரி பகல் எப்பவும் 14416க்குக் கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.