புயலுக்குப் பின் ரயில் சேவை மீட்பு: வேலூர்–ஆம்பூர் தடம்

புயலோ அதைத் தொடர்ந்த வெள்ளமோ துண்டித்த இருப்புப்பாதையைச் செப்பனிட்டு, அதில் மீண்டும் பயணிகள் ரயிலை ஓடவைப்பது ரயில் சேவை மீட்பு எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இது ஒரே வேலை. நடைமுறையில் இரண்டு. தண்டவாளத்தையும் பாலத்தையும் எழுப்புவது பொறியாளரின் வேலை. பெரும்பாலும் நாள் கணக்கில், மிஞ்சினால் மாதக் கணக்கில் முடிந்துவிடும். எந்த ரயில் எந்த ஊர் வரை திரும்ப வரும் என்பது நிர்வாகத்தின் முடிவு. அதற்குச் சில சமயம் பல ஆண்டுகள் ஆகின்றன, சில ஊர்களுக்கு ரயில் திரும்புவதே இல்லை.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய தோல் தொழில் ஊர்கள் கடற்கரையில் இல்லை. சென்னை சென்ட்ரலிலிருந்து காட்பாடி ரயில் வழியே சுமார் 130 கி.மீ., ஆம்பூர் சுமார் 180 கி.மீ. வங்கக் கடலில் உருவாகும் புயலின் காற்று இவ்வளவு தூரம் உள்ளே வருவதற்குள் வலுவிழந்துவிடும். ஆகவே இங்கே புயல் என்றால் முதன்மையாக மழைதான், அது இத்தடத்தை இரண்டு வழிகளில் தாக்குகிறது. முதலாவது ஆறு: கர்நாடகத்திலும் ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியிலும் பெய்யும் மழை பாலாற்றிலும் அதன் துணையாறான பொன்னையாற்றிலும் இறங்கி, பாலங்களின் தூண்களைச் சோதிக்கிறது. இரண்டாவது சென்னை: தலைநகரில் தண்ணீர் தேங்கினால், வேலூரில் வெயில் அடித்தாலும் சென்னையிலிருந்து வேலூருக்கு ரயில் வராது.

இந்தத் தடம் தென்னிந்தியாவின் மிகப் பழைய பயணிகள் இருப்புப்பாதையின் தொடர்ச்சி. மதராஸ் ரயில்வே கம்பெனியின் முதல் வண்டி 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பாதை பிறகு காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என நீண்டு, 1862-இல் மேற்குக் கடற்கரையின் பேப்பூரை எட்டியது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப் பாதை 1864-இல் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து பெங்களூர், கோவை, கேரளம் செல்லும் முதன்மை வழி இன்றும் இதுவே. அதனால் இங்குள்ள ஒரு பாலத்தில் விரிசல் விட்டால் அதன் விளைவு எர்ணாகுளம் வரை தெரியும். காட்பாடி வேலூர் நகரத்தின் முதன்மை நிலையம். வேலூர் கன்டோன்மென்ட் நிலையம் விழுப்புரம் செல்லும் மற்றொரு பாதையில் உள்ளது.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. ஆனால் 1903 நவம்பரில், அன்றைய மைசூர் சமஸ்தானத்து ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியில் 200-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பாலாற்று வெள்ளங்களை அளக்கும்போதெல்லாம் இன்றும் ஒப்பிடப்படுவது அந்த ஆண்டே. வறண்ட ஆற்றின் வெள்ளம் திடீரென வருவது, மணலைத் தோண்டிக்கொண்டு போவது. ஜீவநதியின் மேல் நிற்கும் பாலத்துக்கு ஆண்டுதோறும் சோதனை நடக்கிறது. மணலாற்றின் மேல் நிற்கும் பாலத்துக்கோ தலைமுறைக்கு ஒருமுறைதான் உண்மையான சோதனை.

மீட்பு என்பது பாதை உடைந்த பிறகு தொடங்குவதன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ரயில்வே இரவு ரோந்தை நடத்துகிறது. பாதைப் பணியாளர்கள் டார்ச் விளக்கும் கொடியும் வெடிப்பட்டாசுமாகப் பாதையில் நடந்து செல்கின்றனர். அந்தப் பட்டாசு தண்டவாளத்தின் மேல் பொருத்தப்படும் எச்சரிக்கைக் கருவி. சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை நிறுத்தச் சொல்லும். முக்கியமான பாலங்களின் தூண்களில் அபாய அளவு வண்ணத்தில் குறிக்கப்பட்டிருக்கும். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால், பாலம் பார்வைக்கு எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும், ரயில் நிறுத்தப்படும். வெள்ளம் வடிந்ததும் தூணின் அடியைப் பார்த்து, அரித்த இடத்தில் பாறாங்கற்களையும் மணல் மூட்டைகளையும் நிரப்பி, தேவைப்பட்டால் இரும்புச் சட்டங்களால் தாங்கு கொடுத்து, வெறும் என்ஜினை முதலில் ஓட்டிப் பார்ப்பர். பிறகு நடைவேகத்துக்குச் சற்று மேலான வேகத்தில் வண்டிகள் விடப்படும். வேகக் கட்டுப்பாடு முழுதாக நீங்கப் பல வாரங்கள் ஆகலாம்.

தமிழ்நாட்டில் இத்தகைய மீட்பின் அளவுகோலாக இருப்பது பாம்பன். 1914-இல் திறக்கப்பட்ட, சுமார் 2 கி.மீ. நீளப் பாம்பன் கடல் பாலம் 1964 டிசம்பர் 22–23 இரவில் வீசிய புயலில் சிதைந்தது. அதே இரவில் பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயிலைக் கடல் அடித்துச் சென்றதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாலத்தின் 145 கண்களில் 120-க்கும் மேற்பட்டவற்றின் கர்டர்கள் கடலில் விழுந்தன. கப்பல் செல்வதற்காகத் திறந்து மூடும் ஷெர்சர் தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. தூண்கள் பெரும்பாலும் நின்றதுதான் அதிர்ஷ்டம். சீரமைக்க ஆறு மாதம் ஆகும் என்று முதலில் கணக்கிடப்பட்டது. தெற்கு ரயில்வேயின் பொது மேலாளர் பி.சி.கங்குலி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பணியை ஏற்ற இளம் பொறியாளர் இ.ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். புதிய கர்டர்கள் தொலைவிலிருந்து வந்து சேரும்வரை காத்திருக்காமல், கடலடியில் கிடந்த பழைய கர்டர்களை மீனவர்கள் காட்டிய இடங்களிலிருந்து தூக்கி எடுத்து மீண்டும் பொருத்தியதே அந்த வேகத்தின் காரணம். பின்னாளில் கொங்கண் ரயில்வேக்கும் டெல்லி மெட்ரோவுக்கும் அவர் பெயர் பெற்றார். அந்தப் பெயரின் தொடக்கம் இந்த 46 நாட்கள்.

பாம்பன் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவதால் அதன் மறுபாதி மறைந்துபோகிறது. 46 நாட்களில் மீண்டது ராமேஸ்வரம் செல்லும் வழி. தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவில்லை. புயலுக்கு முன் முதன்மைப் பாதை பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கே சென்றது. எழும்பூரிலிருந்து புறப்பட்ட போட் மெயில் பயணிகள் அங்கிருந்து கப்பலேறி இலங்கையின் தலைமன்னாரை அடைந்தனர். புயலுக்குப் பின் அந்த ஊர் வாழத் தகுதியற்றதாக அறிவிக்கப்பட்டது. ஊர் இல்லாத இடத்துக்குப் பாதை தேவையில்லை என்ற முடிவில், கப்பல் துறை ராமேஸ்வரத்துக்கு மாறியது. இலங்கைப் போரின் காரணமாக 1980களில் அந்தக் கப்பலும் நின்றது. தனுஷ்கோடிப் பாதையை மீண்டும் அமைக்க 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆயினும் ரயில் இன்றும் ராமேஸ்வரத்தோடு நிற்கிறது. பழைய பாம்பன் பாலம் வயதாகிப் பழுதானதால் 2022 டிசம்பரில் மூடப்பட்டபோது ரயில்கள் மண்டபத்திலேயே திரும்பின. புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்படும் வரை, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லை. புயல் சிதைத்த பாலம் 46 நாள் வேலையில் மீண்டது. முதுமையோ ரயிலை இருபத்தேழு மாதங்களுக்கும் மேல் நிறுத்தியது.

பாதை மீள்வதும் பயணிகள் ரயில் மீள்வதும் வேறுவேறு என்பதற்கு உலகின் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ். 2005 ஆகஸ்ட் 29 அன்று கரையேறிய கத்ரீனா சூறாவளி, அந்நகரத்துக்குக் கிழக்கே வளைகுடாக் கரையோரப் பாதையைச் சின்னாபின்னமாக்கியது. சரக்கு ரயில் நிறுவனமான சி.எஸ்.எக்ஸ். சில மாதங்களில் அதைச் சீரமைத்துச் சரக்கை ஓட்டத் தொடங்கியது. புளோரிடா வரை சென்றுவந்த, பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் சன்செட் லிமிடெட் வண்டியோ அந்தக் கரையோரத்துக்குத் திரும்பவில்லை. பாதை யாருடையது, பயணிகள் வண்டிக்கு இடம் கொடுப்பதற்கான செலவை யார் ஏற்பது என்ற வழக்காடலிலேயே காலம் போனது. நியூ ஆர்லியன்ஸ்–மொபைல் நகரங்களுக்கு இடையே பயணிகள் ரயில் மீண்டும் ஓடியது 2025 ஆகஸ்ட் 18 அன்று, அதாவது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து. இந்தியாவில் பாதையும் வண்டியும் ஒரே ரயில்வேயின் கையில் இருப்பதால் இவ்வளவு நீண்ட இடைவெளி விழுவது அரிது.

வேலூர்த் தடத்தின் அண்மைய பெரும் சோதனை 2021. அவ்வாண்டு நவம்பர் 11 அன்று சென்னை அருகிலும், 19 அதிகாலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையிலும் இரண்டு காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள் கரையைக் கடந்தன. எதுவும் புயல் என்று பெயர் சூட்டப்படும் வலிமை பெறவில்லை. ஆயினும் 19 அன்று பாலாற்று அணைக்கட்டில் விநாடிக்கு 1 லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் பாய்ந்தது. 1903-க்குப் பின் காணாத அளவு என்று பேசப்பட்டது. பேரணாம்பட்டில் அன்று வீடு இடிந்து 9 பேர் இறந்தனர். சித்தூர்ப் பக்கத்துக் கலவகுண்டா அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பொன்னையாற்றை நிரப்பியது.

இருப்புப்பாதை பொன்னையாற்றைக் கடப்பது முகுந்தராயபுரம், திருவலம் நிலையங்களுக்கு இடையில். அங்குள்ள 299-ஆம் எண் பாலம் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நவம்பர் வெள்ளத்தின் உச்சத்தில் அது நின்றது. ஒரு மாதத்துக்கும் மேலாகி, மழை ஓய்ந்து, செய்திகளிலிருந்து வெள்ளம் மறைந்துவிட்ட நிலையில், டிசம்பர் 23 அன்று அதன் தூண்களில் விரிசல் கண்டறியப்பட்டது. வாரக்கணக்கில் விடாமல் ஓடிய நீரே காரணமாகக் கூறப்பட்டது. பாலத்தை உடைப்பது வெள்ளத்தின் உயரம் மட்டுமே என்று பொதுவாக எண்ணப்படுகிறது. உயரமான வெள்ளம் தண்டவாளத்தின் ஜல்லியை அடித்துச் செல்லலாம். அதன் பிறகும் நீண்ட நாள் ஓடும் நீரும் தூணின் காலடியை வாங்கலாம். மணல் அரித்துப் போனபின் தூண் நூலளவு இறங்கினாலும் கல் கட்டுமானம் விரிசல் விடும். அதைக் கண்டுபிடிப்பது அபாயக் கோட்டைப் பார்க்கும் கண்ணன்று, தூணின் ஒவ்வொரு கல்வரியையும் தடவிப் பார்க்கும் கண்.

பாதிக்கப்பட்ட பாதையில் போக்குவரத்து உடனே நிறுத்தப்பட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறை வாரத்தில் சென்னை–காட்பாடி–ஜோலார்பேட்டை வழியே செல்லும் பல ரயில்கள் ரத்தாயின, சில வழியிலேயே நின்றன, சில சுற்றுவழியில் சென்றன. ஆற்றுப் படுகையில் இறங்கித் தூண்களைச் சுற்றிக் கற்களையும் மணல் மூட்டைகளையும் அடுக்கி, இரும்புத் தாங்கிகளை நிறுத்தும் வேலை இரவு பகலாக நடந்தது. சில நாட்களில் குறைந்த வேகத்தில் ரயில் மீண்டும் ஓடியது. பாம்பனைப் போல இதற்குக் கதாநாயகன் யாரும் இல்லை. பெரும்பாலான மீட்புகள் இப்படித்தான் பெயரின்றி முடிகின்றன.

அந்த நாட்களின் சுமை எல்லார் மீதும் சமமாக விழவில்லை. தோலும் ஷூவும் இத்தடத்தில் ரயிலில் போவதில்லை. அவை கன்டெய்னர் லாரிகளில் தேசிய நெடுஞ்சாலை வழியே சென்னைத் துறைமுகத்தை அடைகின்றன. ஆகவே ரயில் நின்றதால் ஏற்றுமதி நிற்கவில்லை. தவித்தவர்கள் மனிதர்கள். சீசன் டிக்கெட்டில் அரக்கோணத்துக்கும் சென்னைக்கும் போய்வருபவர்கள் ஒருபுறம். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள் மறுபுறம். பின்னவர்களுக்குக் காட்பாடியை விட்டால் வேறு நிலையம் தெரியாது. வாலாஜா ரோடு, முகுந்தராயபுரம், லத்தேரி, மேல்பட்டி, பச்சகுப்பம் போன்ற சிறு நிலையங்களின் நிலை இன்னும் பின்தங்கியது. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட சாதாரணப் பயணிகள் வண்டிகள் 2021 இறுதியிலும் முழுதாகத் திரும்பியிருக்கவில்லை. பாதை குறுகும்போதெல்லாம் தொலைதூர விரைவு வண்டிகளுக்கே முதலிடம். எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டி கடைசியில்தான் வரும்.

சென்னை வழியாக வரும் தடை 2023-இல் தெளிவாகத் தெரிந்தது. மிக்ஜாம் புயல் டிசம்பர் 5 அன்று ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடப்பதற்கு முன் சென்னையை மூழ்கடித்தது. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள 14-ஆம் எண் பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியதால், சென்ட்ரலிலிருந்து மேற்கே செல்லும் ரயில்கள் ரத்தாயின. வந்துகொண்டிருந்தவை வழியில் நிறுத்தப்பட்டன. வேலூர்ப் பக்கத்தில் ஒரு கட்டையும் பெயராமலே அங்கு சென்னை ரயில் இல்லாமல் போயிற்று.

அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழானது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலின் மழையில், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவை மீறியது. சென்னைக்கும் தென்மாவட்டங்களுக்கும் இடையிலான நேர்வழி டிசம்பர் 2 அன்று அடைபட்டது. அப்போது சில ரயில்கள் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி வழியாகத் திருப்பிவிடப்பட்டன. 1890களின் தொடக்கத்தில் மீட்டர் பாதையாகத் தொடங்கிய இந்த வழி 2010-இல் அகலப் பாதையாகியிருக்காவிட்டால் அது முடிந்திருக்காது.

ஆயினும் இது ஒற்றைப் பாதை. நெருக்கடியில் தாங்கும் வண்டிகளின் எண்ணிக்கை குறைவு. பொன்னையாற்றுப் பாலம் அடைபட்டால் கைகொடுக்கும் மற்றொரு சுற்றுவழி ரேணிகுண்டா, திருப்பதி, பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடிக்கு வருவது. அதிலும் திருப்பதிக்குத் தெற்கே ஒற்றைப் பாதையே. திருப்பதி–பாகாலா–காட்பாடி இடையே 104 கி.மீ. நீளத்தை 1,332 கோடி ரூபாய் செலவில் இரட்டைப் பாதையாக்க மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது.