வஜ்ஜரம்

1983இல் லண்டனில் க்ராம்வெல் ரோட்டில் ஒரு விளம்பரப் பலகை வைத்தார்கள். அதில் ஃபோர்டு கார்ட்டினா கார் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. படம் இல்லை, நிஜக் கார். அரால்டைட் விளம்பரம் அது. காரைவிட எனக்குப் பிடித்தது கூடவே இருந்த வாசகம்தான்: டீ ஜாடியின் கைப்பிடியையும் இது ஒட்டும் என்று எழுதியிருந்தார்கள்.

நகைச்சுவைக்காக எழுதியதுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த ஒரு வரியில் நம் வீட்டு ரிப்பேர்களின் மொத்த மனநிலையும் இருக்கிறது. யாருக்கும் சுவரில் கார் ஒட்டத் தேவையில்லை. உடைந்திருப்பது கைப்பிடி. ஆனால் காரைத் தாங்கும் பசைதான் வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. அந்தப் பலகை வைத்தபோது நான் பிறக்கவேயில்லை. இருந்தாலும் அதை முழுசாக நம்பியவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் ஒரு தேக்கு நாற்காலி உண்டு. அப்பா பிறந்த 1958இல் தாத்தா செய்யச் சொன்னது. இப்போது அதில் அப்பா உட்காருகிறார். நான்கு வருஷம் முன்பு அதன் இடது கை ஆட ஆரம்பித்தது. சமையலறையில் கிரானைட் போட்ட வேலையில் மிஞ்சிய ஹெவி டியூட்டி கன்ஸ்ட்ரக்ஷன் அட்ஹெசிவ் ஒரு குழாய் கிடந்தது. துப்பாக்கி மாதிரி கருவியில் மாட்டிப் பிதுக்குவார்களே, அது. நாற்காலிக் கை பின்காலோடு சேரும் துளையில் வழியவழியப் பிதுக்கி, கயிறு போட்டு இறுக்கி வைத்தேன். ரெண்டு நாளில் பாறை. அப்பா அசைத்துப் பார்த்துவிட்டு “பரவாயில்லையே” என்றார். எஞ்சினியரிங் படித்ததற்கு எங்கள் வீட்டில் கிடைத்த ஒரே நேரடிப் பாராட்டு அதுதான்.

போன வருஷம் அதே பின்காலின் அடியில் கரையான் ஏறிவிட்டது. காலை மாற்ற ஒரு வயதான தச்சர் வந்தார். வெந்நீரில் துணியை நனைத்து, மூட்டுகளில் ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மரச்சுத்தியலால் தட்டினார். அறுபத்து சொச்சம் வருஷம் பிடித்துக்கொண்டிருந்த மூட்டுகள் ஒரு சின்ன முனகலோடு விட்டுக்கொடுத்தன. மரத்தில் ஒரு சிராய்ப்பு இல்லை. என் மூட்டுக்கு வந்தார். துணி சுற்றினார், காத்திருந்தார், தட்டினார். திரும்பவும் சுற்றினார்.

“என்னத்தப் போட்டிய தம்பி?”

சொன்னேன்.

“அப்ப இது வராது. வந்தா மரத்தோடதான் வரும்.”

மரத்தோடுதான் வந்தது. கையின் முனையில் விரல் நீளத்துக்குத் தேக்கு பிய்ந்து, கரையான் தின்ற காலோடு போய்விட்டது. பசை மட்டும் அப்படியே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல்.

மற்ற மூட்டுகளில் என்ன போட்டிருந்தார்கள் என்று கேட்டேன். “வஜ்ஜரம்” என்றார். மாட்டுத்தோல், எலும்பு, குளம்பு இதையெல்லாம் வேகவைத்து எடுக்கும் பசை. கட்டியாகக் கிடைக்கும். ஊறவைத்து, தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, சூடு ஆறும்முன் பூச வேண்டும். வஜ்ரம் என்றால் வைரம், இந்திரனின் ஆயுதம். அசைக்க முடியாத உறுதிக்கு வைத்த பெயர். அந்தப் பெயரோடு இருக்கும் பொருள் ஒரு வெந்நீர்த் துணிக்கு இளகிவிடுகிறது. அன்று ராத்திரியே இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இந்தப் பசைக்கு வயது அதிகம். எகிப்தில் தீப்ஸ் நகரில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறை இருக்கிறது, சுமார் 3,450 வருஷம் பழசு. அதன் சுவர் ஓவியங்களில் தச்சர்கள் வேலை செய்கிறார்கள். பசைச் சட்டி தீயில் இருக்கிறது. அங்கிருந்து கணக்குப் போட்டால் தாத்தாவின் நாற்காலி வரை அடிப்படையில் ஒரே சமையல்தான். தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் வெந்து ஜெலட்டினாகிறது. அதன் நீண்ட இழைகள் காயும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. வலுவான பிடிதான், ஆனால் நிரந்தர ஒப்பந்தம் இல்லை. சூடும் ஈரமும் உள்ளே போனால் இழைகள் விலகும். இன்னொரு விசேஷம், புது வஜ்ஜரம் பழைய வஜ்ஜரத்தின் மேலேயே ஒட்டும். சுரண்டி எடுக்க வேண்டியதில்லை.

வயலின் செய்பவர்கள் இன்றும் இதை விடவில்லை. மேல்பலகையை ஒட்டும்போது வேண்டுமென்றே பசையை நீர்க்கக் கரைத்துப் பூசுவார்கள். பருவம் மாறி மரம் சுருங்கினால் முதலில் விட வேண்டியது பசைதான், பலகை வெடிக்கக் கூடாது. உள்ளே ரிப்பேர் இருந்தால் மெல்லிய கத்தியை நுழைத்துத் திறந்துவிடலாம். அதாவது பசையின் பலவீனத்தையும் சேர்த்தே வடிவமைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் ரோல்பேக் என்று இதற்குத் தனி மீட்டிங் போடுவோம்.

வஜ்ஜரத்துக்குக் குறைகள் உண்டு, மறைப்பானேன். நாற்றம். அடுப்பு வேண்டும். மழைக்காலத்தில் நம்ப முடியாது. அதனால்தான் பிடிலைட் 1959இல் ஃபெவிகாலோடு வந்து நேராகத் தச்சர்களிடமே போனபோது, சட்டி தோற்றது. உருக்க வேண்டாம், காய்ச்ச வேண்டாம், டப்பாவைத் திறந்தால் வெள்ளையாகத் தயாராக இருந்தது. அந்த வெள்ளைப் பசையின் மூலப்பொருள், பாலிவினைல் அசிடேட், 1912இல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் கிளாட்டே கண்டுபிடித்தது. நான் தச்சராக இருந்திருந்தால் நானும் மாறியிருப்பேன். தினமும் மாட்டுக்குளம்பு வேகும் வாசனையில் நின்றவர்களிடம் போய் மரபைப் பற்றிப் பேசுவது நமக்கு ரொம்ப சுலபம்.

ஆனால் அதற்குப் பக்கத்திலேயே வேறொரு வம்சம் வளர்ந்தது. ஸ்விட்சர்லாந்தில் பியர் காஸ்தான் என்ற வேதியியலாளர் 1930களில் செயற்கைப் பல்செட்டுக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தபோது எப்பாக்சி ரெசினுக்கு வந்து சேர்ந்தார். உரிமம் சீபா நிறுவனத்துக்குப் போனது. 1940களின் நடுவில் அது அரால்டைட் ஆனது. இரண்டு குழாய், கலந்தால் வினை. இதில் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதோடு நிற்பதில்லை, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஒரே வலையாகிவிடுகின்றன. அந்த வலை கரையாது. சூடாக்கினால் கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். நான் பிதுக்கிய கட்டுமானப் பசை பாலியூரித்தேன் வகை. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. வஜ்ஜரத்தைக் கழற்றும் அதே தண்ணீர் இதைக் கட்டிப்போடுகிறது. தச்சர் வெந்நீரோடு உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டேன்.

என் அசட்டுத்தனத்துக்குத் துணையாக உலகப் புகழ்பெற்ற ஒரு சம்பவம் கிடைத்தது. துட்டன்காமனின் தங்க முகமூடி தெரியும்தானே? பத்து கிலோவுக்கு மேல் எடை. தாடி மட்டும் தனித் துண்டு, இரண்டரைக் கிலோ. 1925இல் ஹோவார்ட் கார்ட்டர் சவப்பெட்டியைத் திறந்தபோதே தாடி தனியாகத்தான் இருந்தது. 1940களில் பொருத்தினார்கள். 2014 ஆகஸ்டில் கெய்ரோ அருங்காட்சியகத்தில் சுத்தம் செய்ய வெளியே எடுத்தபோது தாடி விழுந்துவிட்டது. அங்கிருந்தவர்கள் வேகமாகக் காயும் எப்பாக்சியை எடுத்து ஒட்டிவிட்டார்கள். கொஞ்சம் கோணலாக. தாடைக்கும் தாடிக்கும் நடுவே பசை தெரிந்தது. 2015 ஜனவரியில் விஷயம் வெளியே வந்து, உலகமே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிமிஷம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். கையில் உடைந்த பொருள், அது நம்முடையது இல்லை, யாரும் பார்ப்பதற்குள் சரியாகிவிட வேண்டும். அப்போது ஒருவன் தேடுவது ரிப்பேரை அல்ல, உடையவே இல்லை என்ற நிலைமையை. அதைத் தருவதாகச் சொல்வது பலமான பசை ஒன்றுதான்.

கிறிஸ்டியன் எக்மான் என்ற ஜெர்மன் வல்லுநர் தலைமையில் அந்த ஆண்டு அக்டோபரில் வேலை தொடங்கியது. முகமூடியை இதமாகச் சூடேற்றி, தங்கத்தில் கீறல் விழாதபடி மரக்கருவிகளால் எப்பாக்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். டிசம்பரில் தாடியைத் திரும்ப ஒட்டினார்கள். எதால்? தேன்மெழுகால். பழைய எகிப்தியர்கள் பயன்படுத்திய அதே தேன்மெழுகு. அடுத்து வருபவர் கழற்ற முடியும் என்பதுதான் அதன் தகுதி. 2016 ஜனவரியில் எட்டு ஊழியர்கள் மேல் நடவடிக்கை அறிவித்தார்கள். அருங்காட்சியகங்களில் மண்பாண்டம் ஒட்டப் பரவலாகப் பயன்படும் பாரலாய்டு பி-72 பசையும் இதே ஜாதிதான், அசிட்டோனில் கரைந்துவிடும். பொருளைவிடப் பசை பலமாக இருக்கக் கூடாது என்பது அங்கே பாலபாடம்.

கட்டடம் வேறு, அங்கே பலம்தானே வேண்டும் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாஸ்டனில் ஒரு நெடுஞ்சாலைச் சுரங்கத்தின் கூரையில் கான்கிரீட் பலகைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றைத் தாங்கிய போல்ட்டுகள் எப்பாக்சியால் கூரையில் பதிக்கப்பட்டவை. 2006 ஜூலை 10 இரவு, சுமார் 26 டன் கான்கிரீட்டும் இரும்பும் ஒரு கார் மேல் விழுந்தது. உள்ளே இருந்த பெண் இறந்துபோனார். விசாரணையில் தெரிந்தது, போட்டது வேகமாக இறுகும் வகை எப்பாக்சி. தொடர்ந்து எடை இழுத்துக்கொண்டே இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் நகரும். சோதனையில் சட்டென்று இழுத்தால் பிரமாதமாகத் தாங்கும். வருஷக்கணக்கில் இழுத்தால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறங்கும். 1999லேயே சில போல்ட்டுகள் இறங்கியதைப் பார்த்திருக்கிறார்கள்.

குழாயின் மேல் போட்டிருக்கும் பலம் ஒரு நிமிஷத்தின் பலம். இதைப் படித்த அன்றே, ஹாலில் அதே பசையால் ஒட்டிவைத்திருந்த புத்தகப் பலகையைக் காலி செய்து திருகாணி போட்டேன். ஓடு, கல், சுவரோரப் பட்டை, முரட்டுச் சுவரில் அழுந்தி உட்கார வேண்டியவை, இவற்றுக்கு அந்தப் பசை நல்ல பசை. மேடுபள்ளத்தை நிரப்பும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். அது பிறந்ததே அதற்குத்தான். நான்தான் அதை நாற்காலிக்குக் கொண்டுபோனேன்.

பிய்ந்த இடத்தைத் தச்சர் சதுரமாகச் செதுக்கி எடுத்தார். வேறொரு பழைய தேக்கிலிருந்து துண்டு வெட்டி, ரேகை பார்த்துப் பொருத்தினார். நிறம் சேரவில்லை. “நாளாக நாளாகச் சேந்துரும்” என்றார். பிறகு, வெள்ளைப் பசையா வஜ்ஜரமா என்று கேட்டார். வஜ்ஜரம் இன்னும் கிடைக்கிறதா என்றேன். மறுநாள் தகர டப்பாவில் பழுப்புக் கட்டிகள் கொண்டுவந்தார்.

சமையலறையில் உருக்க அம்மா விடவில்லை. பின்வாசலில் பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் துடைத்துப் பற்றவைத்தோம். வாசனை வந்ததும் பக்கத்து வீட்டு நாய் வேலியோரம் வந்து நின்றது. அப்பா வாசலில் நின்றபடி மூக்கை உறிஞ்சிவிட்டு, “இது எங்க அப்பா பட்டறைக்குக் கூட்டிட்டுப் போற வாசம்லா” என்றார். இப்படி அவர் சொல்லிக் கேட்டதில்லை. தச்சர் குச்சியால் கிளறிக்கொண்டே, ஆறுவதற்குள் கையைப் பிடிங்க தம்பி என்று அவசரப்படுத்தினார்.