ஆங்கிலத் தேர்வில் பேச்சு போனதும் வந்ததும்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களின் மொழித்திறனைச் சோதிக்க கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913-இல் ஒரு தேர்வைத் தொடங்கியது. பிற நாடுகளில் ஆங்கிலம் கற்பிக்கப்போகும் ஆசிரியர்களுக்கானது அது. மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல், சொல்வதெழுதுதல், வாய்விட்டுப் படித்தல், உரையாடல் என்று மொத்தம் 12 மணி நேரம் நீண்டது. முதல் ஆண்டில் எழுதியவர்கள் மூவர், மூவருமே தேறவில்லை. மிகக் கடினமான தேர்வுதான். ஆனால் மொழி தெரிந்தவர் என்றால் அதை எழுதவும் பேசவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் அதை வகுத்தவர்களுக்கு ஐயமே இருக்கவில்லை.

அமெரிக்காவில் இந்தத் தேவை குடியேற்றச் சட்டத்தின் வழியே வந்தது. 1924-ஆம் ஆண்டுச் சட்டம் நாடுவாரியாகக் குடியேற்ற வரம்பு விதித்தாலும், மாணவர்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தது. வருபவர் உண்மையிலேயே படிக்கத் தகுதியுள்ளவர்தானா என்று அறியும் பொறுப்பு கல்லூரிகளின் தலையில் விழுந்தது. அதற்காக, நுழைவுத் தேர்வுகளை நடத்தும் கல்லூரி வாரியம் என்ற அமைப்பு 1930-இல் நடத்திய தேர்விலும் கட்டுரையும் தேர்வாளரோடு உரையாடலும் இருந்தன. பொருளாதார மந்தம் சூழ்ந்த அந்த ஆண்டுகளில் தேர்வு நீடிக்கவில்லை.

போருக்குப் பின் காற்று திசை மாறியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லாடோ வளர்த்த முறை, மொழியை ஒலி, சொல், இலக்கண அமைப்பு என்று சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கேள்வி வைத்தது. இத்தகைய கேள்விகளைத் திருத்துவது எளிது. யார் திருத்தினாலும் மதிப்பெண் மாறாது. 1961-இல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் உளவியலாளர் ஜான் கேரல், கூறுகளை மட்டும் சோதித்தால் போதாது, மொழியை முழுமையாகக் கையாளும் திறனையும் பார்க்க வேண்டும் என்று எடுத்துரைத்தார். அந்த மாநாட்டின் தொடர்ச்சியாகப் பிறந்ததுதான் வெளிநாட்டு மாணவர்களுக்கான டோஃபல் தேர்வு. 1964-இல் அதை முதன்முதலில் எழுதியவர்கள் 920 பேர், மையங்கள் 57.

கேரல் கேட்டது அதில் இடம்பெறவில்லை. கேட்டல், வாக்கிய அமைப்பு, சொல்வளம், வாசிப்பு, எழுத்துத்திறன் என ஐந்து பகுதிகள் இருந்தன, பேச்சு இல்லை. எழுத்துத்திறன் பகுதியில்கூட மாணவர் ஒரு வரி எழுத வேண்டியதில்லை. கொடுத்த வாக்கியத்தில் பிழை எங்கே என்று குறித்தால் போதும். உலகெங்கும் பரவிய மையங்களில் ஒரே சீராகப் பேச்சைச் சோதிக்க ஆளும் பணமும் வேண்டும். இயந்திரம் திருத்தும் விடைத்தாளுக்கு அந்தச் செலவு இல்லை. ஆங்கிலம் எது என்பதைச் செலவே முடிவு செய்தது என்றால் மிகையாகாது. தேர்வில் இல்லாததைப் பயிற்சி வகுப்புகள் ஏன் கற்பிக்கப்போகின்றன? பல நாடுகளில் ஒரு தலைமுறை மாணவர்கள் பிழை கண்டுபிடிப்பதில் தேர்ந்து, வகுப்பறையில் வாய் திறக்கத் தயங்கி நின்றார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து பாடம் நடத்திய ஆராய்ச்சி மாணவர்களின் பேச்சு புரியவில்லை என்ற புகார் வலுத்து, 1980-களில் அமெரிக்க மாநிலங்கள் சில சட்டமே இயற்றின.

திருத்தம் மெல்லத்தான் வந்தது. 1986-இல் டோஃபலின் சில அமர்வுகளில் கட்டுரை சேர்ந்தது; 1998-இல் கணினித் தேர்வு வந்தபோது கட்டாயமானது. 2005-இல் இணையவழித் தேர்வில் இலக்கணப் பகுதி நீங்கி, பேச்சு உள்ளே வந்தது. தொடங்கி 41 ஆண்டுகளுக்குப் பின்!

போட்டி மிகுந்த பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு இன்னொரு வாசலாக இருந்தது. அதன் மொழிப்பகுதி அமெரிக்கப் பள்ளி மாணவர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. அரிய சொற்களின் உறவைக் கேட்கும் கேள்விகள் 2005 வரை அதில் நீடித்தன. பிறமொழி மாணவர்களுக்கு இது நியாயமாகாது என்பதாலோ என்னவோ, கல்லூரி வாரியமே 1995-இல் ஆங்கிலத் திறனுக்கென்று தனிப்பாடத் தேர்வு ஒன்றைத் தொடங்கி, பத்தே ஆண்டுகளில் நிறுத்திவிட்டது. மற்றொருபுறம், எஸ்.ஏ.டி. மொழிப்பகுதியில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களுக்கு டோஃபலிலிருந்து விலக்கு அளித்த கல்லூரிகளும் உண்டு.

2020-இல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்தே எழுதக்கூடிய டுவோலிங்கோ தேர்வைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்றன. அதிலும் டோஃபலிலும் மாணவர் பேசுவது ஒலிவாங்கியை நோக்கித்தான். தேர்வாளரும் மாணவரும் நேருக்கு நேர் உரையாடும் 1913-இன் முறை, 1989-இல் தொடங்கிய ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் இன்றும் தொடர்கிறது.