ஸ்ரீவில்லிபுத்தூரின் பழங்கட்டடங்களும் அவற்றின் பயன்பாடும்

ஸ்ரீவில்லிபுத்தூர், விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ள பழமையான நகரம் ஆகும். திருமங்கலத்தில் தொடங்கி டி. கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரின் வழியே செல்கிறது. ஆண்டாள் கோயிலின் இராஜகோபுரத்தால் இவ்வூர் பெரிதும் அறியப்படுகிறது. கோபுரத்தைத் தவிர ஓர் அரண்மனை, ஒரு தெப்பக்குளம், ஒரு நூற்றாண்டைக் கடந்த நூலகம், மதுரைச் சாலையோரக் கல்மண்டபங்கள் ஆகியவையும் இங்கு உள்ளன. இவற்றுள் சில நல்ல நிலையில் உள்ளன. சில சிதைந்து வருகின்றன. ஒரே ஊரில், ஒரே வெயிலிலும் மழையிலும் நிற்கும் கட்டடங்களுக்குள் இந்த வேறுபாடு ஏன் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் நிர்வாக வரலாறும்

வில்லி, கண்டன் என்னும் வேடர் குலச் சகோதரர்களுள் வில்லி என்பவர் காட்டைத் திருத்தி அமைத்த ஊர் என்பதால் வில்லிபுத்தூர் என்ற பெயர் வந்ததாகத் தலபுராணம் கூறுகிறது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர் என்பதால் வைணவத் திவ்யதேசங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1910ஆம் ஆண்டு புதிதாக உருவான இராமநாதபுரம் மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. 1985இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, இன்று விருதுநகர் மாவட்டம் எனப்படும் பகுதிக்குள் வந்தது. மாவட்டத் தலைநகர் விருதுநகராக இருந்தாலும், மாவட்டத் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இயங்குகிறது. இந்த வரலாற்றை நினைவில் கொண்டால், திருநெல்வேலி கலெக்டர் ஒருவரின் பெயர் இவ்வூர் நூலகத்திற்கு இருப்பதன் காரணம் எளிதில் விளங்கும்.

இராஜகோபுரம்

கோயில் வளாகம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று வடபத்திரசாயி கோயில். மற்றொன்று ஆண்டாள் கோயில். இரண்டுக்கும் இடையே, ஆண்டாள் துளசிச் செடியின் அருகே கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நந்தவனம் உள்ளது. வடபத்திரசாயி கோயிலின் வாயிலில் 11 நிலைகளுடன் 192 அடி உயரத்தில் இராஜகோபுரம் நிற்கிறது. பாண்டியன் வல்லபதேவனின் அவையில் பொற்கிழி வென்ற பெரியாழ்வார் அப்பொருளைக் கொண்டு இக்கோபுரத்தைக் கட்டினார் என்பது மரபு. பிற்காலத்தில் நாயக்க மன்னர்கள், குறிப்பாக 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், இக்கோயிலில் திருப்பணிகள் செய்தனர். ஆண்டாள் கோயிலின் மண்டபத் தூண்களில் உள்ள ஆளுயரச் சிற்பங்கள் நாயக்கர் காலக் கலைக்குச் சான்றாகும்.

தமிழ்நாடு அரசின் முத்திரையில் உள்ள கோபுரம் இதுவே என்று பரவலாகக் கருதப்படுகிறது. முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ், மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தை மாதிரியாகக் கொண்டார் என்ற கருத்தும் உண்டு. மதுரையின் மேற்குக் கோபுரம் ஒன்பது நிலைகளை உடையது. வண்ணச் சுதை உருவங்கள் நிறைந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்திலோ சுதை உருவங்கள் மிகக் குறைவு. நிலைகளின் அடுக்கும் மாடங்களின் வரிசையுமே அதன் அழகு.

தென்னாட்டுக் கோபுரங்களின் அடிப்பகுதி கருங்கல்லாலும், மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டும் கட்டப்படுவது வழக்கம். மேலே செல்லச் செல்லப் பாரம் குறைய வேண்டும் என்பதே இதன் காரணம். இத்தகைய கட்டடத்திற்கு இடி மின்னலைவிடப் பெரிய பகை, பறவைகள் கொண்டு வந்து போடும் ஆல், அரசு விதைகள். சாந்தின் வெடிப்பில் முளைக்கும் சிறு கன்று, சில ஆண்டுகளில் வேர்விட்டுச் செங்கல்லைப் பிளந்துவிடும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்த வேண்டும் என்ற மரபு இங்கேதான் பயன்படுகிறது. குடமுழுக்குக்கு முன் சாரம் கட்டி, செடிகளை அகற்றி, வெடிப்புகளை அடைத்து, வண்ணம் பூசுகின்றனர். சமயச் சடங்காகத் தோன்றும் ஒன்று, கட்டடத்திற்கான பராமரிப்புக் கால அட்டவணையாகவும் விளங்குகிறது.

தேரும் தெருக்களும்

ஆண்டாள் கோயிலின் ஆடிப்பூரத் தேர் தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களுள் ஒன்று. மரச் சக்கரங்கள் இருந்த காலத்தில் தேர் நிலைக்கு வந்து சேரப் பல நாட்கள் ஆயின. இரும்புச் சக்கரங்கள் பொருத்தப்பட்ட பின்னர் அந்தச் சிரமம் பெரிதும் குறைந்தது.

தேர் ஓடுவதால் தெருவும் பிழைக்கிறது. இந்தத் தேர் திரும்ப வேண்டுமானால் இரத வீதிகளும் அவற்றின் முனைகளும் அகலமாகவே இருக்க வேண்டும். கடையின் படிக்கட்டோ பந்தலோ தெருவுக்குள் நீண்டால், ஆடி மாதத்தில் அது அகற்றப்பட்டாக வேண்டும். பல ஊர்களில் பழைய தெருக்கள் சுருங்கிப்போன நிலையில், தேரோடும் ஊர்களில் அவை ஓரளவு காக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

கோயிலைச் சேர்ந்த திருமுக்குளமும் இவ்வகையினதே. கங்கை, யமுனை, சரஸ்வதி ஆகிய மூன்று நதிகளும் இங்கு வந்து சேர்ந்ததாகப் புராணம் கூறுகிறது. மார்கழி நீராட்டு விழாவின்போது ஆண்டாள் இக்குளக்கரை மண்டபத்தில் எழுந்தருளுகிறார். விழா உள்ளதால் குளத்தின் கரையும் படியும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஊராரின் கவனத்திற்கு வருகின்றன.

திருமலை நாயக்கர் அரண்மனை

திருமலை நாயக்கர் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஓர் அரண்மனை அமைத்தார். 1636இல் கட்டப்பட்ட மதுரை அரண்மனையைவிட இது மிகச் சிறியது. மன்னர் வழிபாட்டிற்கு வரும்போது தங்குவதற்காகக் கட்டப்பட்டது என்பர். ஊரின் மடவார்வளாகத்தில் உள்ள வைத்தியநாதசுவாமி சிவன் கோயிலிலும் மன்னரின் வயிற்று நோய் தீர்ந்த கதை வழங்குகிறது.

நாயக்கர் ஆட்சி 18ஆம் நூற்றாண்டில் முடிவுக்கு வந்தது. அரசர் இல்லாத அரண்மனைக்கு என்ன வேலை? மதுரையில் இக்கேள்விக்கு ஆங்கிலேய அரசு ஒரு விடை கண்டது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அரண்மனையைப் பழுதுபார்க்கச் செய்தார்; பின்னர் அங்கு நீதிமன்றம் இயங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் அரண்மனையும் அவ்வாறே நீதிமன்றமாகப் பயன்பட்டது. நீதிமன்றம் நடந்தவரை கூரை ஒழுகினால் கேட்க ஆள் இருந்தது. இன்று இது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

பென்னிங்டன் நூலகம்

1875ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பென்னிங்டன் பொது நூலகம், தமிழ்நாட்டின் பழமையான பொது நூலகங்களுள் ஒன்று. அப்போதைய திருநெல்வேலி மாவட்டக் கலெக்டர் பென்னிங்டனின் பெயரால் அமைந்தது. சென்னையின் கன்னிமாரா நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1896இல்தான். ஒரு தாலுகா ஊர் மாகாணத் தலைநகரை 21 ஆண்டுகள் முந்திக்கொண்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் இயற்றப்பட்ட பின்னரே, நூலகங்களுக்கென வரி வசூலித்துச் செலவிடும் முறை இங்கு வந்தது. அதற்கு முன் 73 ஆண்டுகள் இந்நூலகம் நிலைத்திருந்தது. நன்கொடையாளர்களின் ஆதரவுடன், நூலகத்திற்கென அமைந்த பென்னிங்டன் மார்க்கெட்டின் கடை வாடகையும் அதற்குக் கைகொடுத்தது. காய்கறிக் கடையின் வாடகை புத்தகமாகவும் நாளிதழாகவும் மாறும் ஏற்பாடு இது. ஒரு நிறுவனத்தைத் தொடங்குபவர், அதன் அன்றாடச் செலவுக்கும் வழி செய்ய வேண்டும் என்ற பாடம் இதில் உள்ளது.

அண்டை நகரான இராஜபாளையத்தில் உள்ள காந்தி கலைமன்றத்தையும் இங்குக் குறிப்பிடலாம். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா, தம் சொந்த வீட்டையே இம்மன்றத்திற்கு வழங்கினார். ஒரு குடும்பத்தின் வீடு பொதுக் கட்டடமானதால் அதற்கு அடுத்த தலைமுறையிலும் ஒரு வேலை கிடைத்தது.

மணி மண்டபங்கள்

மேற்கூறியவற்றுக்கு மாறான நிலையில் உள்ளவை மணி மண்டபங்கள். ஆண்டாளுக்கு உச்சிக்கால பூசை முடிந்த பிறகே திருமலை நாயக்கர் மதுரையில் உணவு உண்பார் என்றும், பூசை முடிந்ததை அறிவிக்க வழிநெடுக மண்டபங்கள் கட்டி மணிகள் தொங்கவிடப்பட்டன என்றும் செவிவழிச் செய்தி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில் வழியாக மதுரை செல்லும் சாலையோரம் நிற்கும் பழைய கல்மண்டபங்களை மக்கள் இக்கதையுடன் இணைத்துப் பேசுகின்றனர். பாஞ்சாலங்குறிச்சி கட்டபொம்மனைப் பற்றியும் திருச்செந்தூர் பூசையை வைத்து இதே போன்ற கதை உண்டு.

இது நடக்கக்கூடியதா என்று மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய 75 கிலோமீட்டர். ஒரு மணியின் ஓசை இரண்டு கிலோமீட்டர் கேட்கும் என்று கொண்டால் சுமார் 37 மண்டபங்கள் தேவை. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 75 கிலோமீட்டரைக் கடக்க நான்கு நிமிடத்திற்கும் குறைவே ஆகும். ஒவ்வொரு மண்டபத்திலும் காவலர் கேட்டு மணியடிக்கப் பத்து விநாடி என்றால் மேலும் ஆறு நிமிடம். ஆக, பத்து நிமிடத்தில் செய்தி மதுரையை எட்டிவிடும். குதிரைவீரனுக்குப் பல மணி நேரம் ஆகும். கணக்கின்படி இது இயலும். ஆனால் இயலும் என்பது நடந்தது என்பதற்குச் சான்று ஆகாது. மண்டபங்கள் வழிப்போக்கர் இளைப்பாறவும் பயன்பட்டிருக்கும்.

இச்சாலைக்கும் ஆண்டாளுக்கும் உள்ள தொடர்பு இன்றும் அறுபடவில்லை. ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் அணிய, ஆண்டாள் சூடிய மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குச் செல்கிறது. ஆனால் மாலை செல்லும் வழியில் நிற்கும் மண்டபங்களுக்கு எந்த வேலையும் இல்லை. மணி இல்லை, நடந்து செல்லும் பயணியும் இல்லை. அவற்றுக்கென விழாவும் வாடகையும் அலுவலகமும் இல்லை. சாலை அகலமாகும் ஒவ்வொரு முறையும் முதலில் இடருக்கு உள்ளாகுபவை இவையே.

பாதுகாப்பு

1966ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொன்மைச் சின்னங்கள் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்டதாக அரசு அறிவித்த சின்னத்தைச் சேதப்படுத்துவது குற்றம். அறிவிக்கப்படாத சிறு மண்டபத்திற்கு அந்தக் காவல் இல்லை. ஒரு சின்னத்தை அறிவிக்கக் கோர வேண்டுமானால், அது எங்கே உள்ளது, எத்தனை தூண்கள், என்ன அளவு, கல்வெட்டு உண்டா என்ற விவரங்கள் வேண்டும். இவற்றைத் திரட்ட ஓர் அளவுநாடா, ஒரு கைப்பேசிக் கேமரா, ஒரு விடுமுறை நாள் போதும். பள்ளி, கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய வேலை இது. கிருஷ்ணன்கோவிலில் பல்கலைக்கழகமே உள்ளது.

கோபுரத்திற்குக் குடமுழுக்கும், தெருவுக்குத் தேரும், நூலகத்திற்குக் கடை வாடகையும் காவலாக அமைந்தன. மண்டபங்களுக்கும் அத்தகைய ஒரு பயன்பாடு தேவை. பேருந்து நிறுத்த நிழற்குடையாகவோ, மாலை செல்லும் நாளில் சற்றுத் தங்கும் இடமாகவோ அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கினால், கூரைக் கல் சரியும்போது கேட்பதற்கு ஆள் இருக்கும்.