பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது?

பதிவுத் தபாலோடு ஒப்புகை அட்டையை இணைத்து அனுப்பும் வழக்கத்தை நாம் அறிவோம். கையெழுத்திட்ட அட்டை திரும்பினால் கடிதம் சேர்ந்தது என்று பொருள். திரும்பாவிட்டால் மறுபடி எழுத வேண்டியதுதான். கணிப்பொறிகளும் இம்முறையையே கையாளுகின்றன. ஆனால், அட்டைக்காக எத்தனை நாள் காத்திருப்பது?

1986-இல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியுடன் ‘எர்னெட்’ என்னும் கல்வி, ஆய்வு வலையமைப்பைத் தொடங்கியது. சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.களும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் அதில் பங்கேற்றன. தொடக்கத்தில் மின்னஞ்சல்கள் ‘யு.யு.சி.பி.’ முறைப்படி சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் சென்றன. கம்பியில் இரைச்சல் புகுந்தால் எழுத்துகள் சிதையும். ஆகவே செய்தி, பொதுவாக 64 பைட் கொண்ட பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண்ணும் சரிபார்ப்புத் தொகையும் இடப்பட்டன. தொகை ஒத்துவராத பொட்டலம் மீண்டும் அனுப்பப்பட்டது.

பின்னர் எர்னெட்டில் குத்தகைக் கம்பிகளும் செயற்கைக்கோள் இணைப்புகளும் வந்தன. செர்ஃப், கான் இருவரும் 1974-இல் வெளியிட்ட கருத்திலிருந்து வளர்ந்த டி.சி.பி. நெறிமுறை நிலைபெற்றது. இங்கே இயற்பியல் குறுக்கிடுகிறது. புவிநிலைச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ளது. பொட்டலம் மேலே போய் இறங்கக் கால் விநாடி. ஒப்புகை திரும்பக் கால் விநாடி. ஒரே வளாகத்துக் கம்பியிலோ சில மில்லி விநாடிகள் போதும். எனவே எல்லா வழிக்கும் ஒரே காத்திருப்பு நேரம் பொருந்தாது. அது குறைந்தால் வீண் நகல்கள் பெருகும். மிகுந்தால் கம்பி சும்மா கிடக்கும்.

வீண் நகல்களால் விளையும் கேடு 1986 அக்டோபரில் அமெரிக்காவில் வெளிப்பட்டது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே சுமார் 400 கஜ தூரம்தான். அவற்றிடையே விநாடிக்கு 32,000 பிட்டாக இருந்த செய்தி ஓட்டம் 40 பிட்டாக வீழ்ந்தது. அதாவது, விநாடிக்கு ஐந்தே ஆங்கில எழுத்துகள்! வழியில் நெரிசல் ஏற்பட்டு ஒப்புகைகள் தாமதித்தன. பொட்டலம் தொலைந்ததென்று கருதிய கணிப்பொறிகள் மீண்டும் அனுப்பின. நெரிசல் மேலும் முற்றியது.

இதற்கு வான் ஜேக்கப்சன் 1988-இல் தீர்வு கூறினார். ஒப்புகை வந்துசேரும் நேரத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும். சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். அப்படியும் பதில் இல்லையெனில், அனுப்பும் அளவைச் சுருக்கிக் காத்திருப்பை ஒவ்வொரு முறையும் இருமடங்காக்க வேண்டும்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலையில் உத்திரமேரூர் மாணவரும் உதகை மாணவரும் ஒரே நேரத்தில் கைப்பேசியைத் தட்டுகிறார்கள். பக்கம் திறக்கத் தாமதமானால், உள்ளிருக்கும் நெறிமுறை பொறுமை காக்கிறது. நாம் விரலால் மீண்டும் மீண்டும் தட்டினால், 1986-இன் நெரிசலை நாமே உண்டாக்குகிறோம் அல்லவா?