திரைக்குப் பின்னால் ஒரு பெயர்

காரைக்காலில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது சன்னல் திரையை ‘ரிதோ’ என்றுதான் சொல்வோம். பிறகு ஆங்கிலத்தில் அதுவே ‘கர்ட்டன்’ என்று வந்தது. விசாரித்தால், கர்ட்டனும் பழைய பிரெஞ்சிலிருந்து போனதுதான். அதற்கும் மூலம் லத்தீன் ‘கோர்ட்டினா’. கொடுத்தவர்கள் வேறு சொல்லுக்கு மாறிவிட்டார்கள், வாங்கியவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்!

ஆங்கிலேயர் அதை நன்றாகவே புழங்கினார்கள். நாடக மேடையில் தொங்குவதும் கர்ட்டன். கோட்டையின் இரண்டு கொத்தளங்களுக்கு நடுவே உள்ள மதிலும் கர்ட்டன். பன்மையில் ‘கர்ட்டன்ஸ்’ என்றால் ஒருவர் கதை முடிந்தது என்று பொருள். 1946 மார்ச் 5 அன்று அமெரிக்காவில் ஃபுல்டன் என்ற ஊரில் சர்ச்சில் பேசிய பிறகு, ‘இரும்புத்திரை’ உலக அரசியல் சொல்லாயிற்று.

நம்மிடமும் திரைக்குப் பழைய சொல் உண்டு: எழினி. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மூன்று வகை எழினிகளைச் சொல்கிறது. ஒரு பக்கமாக இழுப்பது ஒருமுக எழினி. இரு பக்கமிருந்து வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி. மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. நம் பக்கத்துப் பாரதக் கூத்தில் இருவர் துணியைப் பிடித்து நிற்க, வேஷக்காரர் அதன் பின்னாலிருந்து பாடுவதை நீங்களும் விடிய விடிய பார்த்திருப்பீர்கள்.

தருமபுரிக்காரர்களுக்கு எழினி இன்னொரு விதத்திலும் சொந்தம். தகடூரை ஆண்ட அதியமான் மரபில் அது ஆள் பெயர். அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியிருக்கிறார்.

பல நூற்றாண்டு கழித்து, அந்த மரபில் வந்தவராகத் தம்மைச் சொல்லிக்கொண்ட தகடூர்த் தலைவர் விடுகாதழகிய பெருமாள், போளூர் அருகே உள்ள திருமலை என்ற சமணர் மலையில் ஒரு கல்வெட்டு வைத்தார். எழினி முன்பு செய்வித்த இயக்கன், இயக்கி உருவங்களைத் தாம் புதுப்பித்ததாக அதில் செய்தி. ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இதைப் பதிப்பித்தார்.

அந்தக் கல்வெட்டில் வடமொழியும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. வடமொழிப் பகுதியில் எழினி என்ற பெயரே இல்லை, ‘யவனிகா’ என்று இருக்கிறது. யவனிகா என்றால் வடமொழியில் திரை! ஆள் பெயரையே பொருள் பார்த்து மொழிபெயர்த்துவிட்டார்கள். விடுகாதழகிய பெருமாளின் பெயரையும் அப்படியே வடமொழி ஆக்கியிருக்கிறார்கள். தமிழும் கூடவே இருந்ததால் தப்பித்தோம். வடமொழி மட்டும் இருந்திருந்தால், யவனிகா நம் எழினிதான் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

ஓய்வு பெற்ற பிறகுதான் இதைப் படித்தேன். படித்ததும் ஒரு பாட்டியம்மாள் நினைவு வந்தது. நான் குமாஸ்தாவாக இருந்தபோது முதியோர் உதவித்தொகைக்கு மனு கொண்டுவந்தார். ரேஷன் கார்டில் ஒரு பெயர், வாக்காளர் பட்டியலில் வேறு பெயர். வீட்டில் கூப்பிட்டது ஒன்று, எழுதவந்தவர் எழுதிக்கொண்டது ஒன்று. “ரெண்டும் நாந்தான் சாமி” என்றார். இருவரும் ஒருவரே என்று சான்று வாங்கிவரச் சொல்லி இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். விதிப்படி நான் செய்தது சரி. மூன்றாம் முறை அவர் வரவில்லை.

கிராம நிர்வாக அலுவலருக்கு நானே ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். பத்து நிமிட வேலை. அந்தக் கல்வெட்டை வெட்டியவர் ஒருவரின் இரண்டு பெயரையும் ஒரே கல்லில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அது ஒரே தாளில் செய்யத் தோன்றவில்லை.

திருவண்ணாமலை பக்கம் போகிறவர்கள் போளூர் வழியாகத் திருமலைக்கும் ஒருமுறை போய் வாருங்கள். நம் ஊர்ப் பெயர் அங்கே கல்லில் இருக்கிறது.